கண்டுக்காமல் போகிறவர்கள்

‘ரோட்ல பார்த்தும் கண்டுக்காம போறான்.’ இந்தப் புகாருக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. கண்ணில் பட்டால் போதும், மிச்சமெல்லாம் மனசைப் பொறுத்தது என்று நம் பேச்சு நம்புகிறது. முகத்தைக் கண்டுபிடிப்பது ஒரு திறன், சிலருக்கு அது குறைவாக வாய்த்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு முகங்கள் பிடிபட்டதில்லை. பல வருடமாகப் பார்த்து வந்த மனநல மருத்துவரைச் சந்தித்துவிட்டுக் கீழே வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. யாரோ வணக்கம் சொல்கிறார், யாரென்று புரியவில்லை. வாயிற்காவலர் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் அது அதே மருத்துவர் என்று தெரிந்தது. இது மூளையின் குறை, மனசின் குறை இல்லை என்று சாக்ஸ் சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லையாம். 2010இல் சாக்ஸே எழுதியிருக்கிறார். மனசைப் படிப்பவருக்கே சந்தேகம் என்றால், பக்கத்து வீட்டு அத்தையை என்ன சொல்ல?

சரி, அளந்துவிடலாமே. டுஷேனும் நாகயாமாவும் 2006இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுத் தேர்வு இருக்கிறது. தலைமுடி தெரியாமல் வெட்டிய ஆறு முகங்களை மனதில் வைத்துக்கொண்டு, மும்மூன்றாக வரும் முகங்களில் பார்த்தது எது என்று சொல்ல வேண்டும். போகப்போகக் கோணம் மாறும், வெளிச்சம் மாறும், கடைசியில் படமே புள்ளி புள்ளியாகக் கலங்கும். 72 கேள்விகள். குத்துமதிப்பாகச் சொன்னாலே 24 வரும். சாதாரண ஆட்களின் சராசரி 58 பக்கம். 42 அல்லது அதற்குக் கீழே என்றால் முகமறியாமை இருக்கலாம் என்கிறார்கள். (எல்லாமே வெள்ளை இளைஞர்களின் முகங்கள். பழகாத முகஜாடை யாரையும் குழப்பும். நாம் எழுதி மார்க் குறைந்தால் பதற வேண்டாம்.)

எனக்கு உறுத்துவது அந்த 42. இந்தத் திறன் உயரம் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக் குறைவது. நடுவில் இயற்கை போட்ட கோடு கிடையாது. சராசரியிலிருந்து இவ்வளவு தள்ளி என்று கணக்கில் போட்ட கோடுதான். 42 எடுத்தவருக்கு ஒரு மருத்துவப் பெயரும் ‘ஐயோ பாவ’மும் கிடைக்கும். 44 எடுத்தவர் திமிர் பிடித்தவராகவே இருப்பார். கல்யாண வீட்டில் சித்தப்பா பையனைப் பார்த்து இருவரும் ஒரே மாதிரிதான் முழிக்கிறார்கள்.

அதற்காக எல்லாரையும் விட்டுவிடவும் முடியாது. வசதி வந்ததும் பழைய சொந்தத்தைத் தெரியாத மாதிரி தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வலி பொய்யில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க 72 கேள்வி தேவையில்லை. நிஜமாகவே முகம் தெரியாதவர் தன் மேனேஜரையும் அப்படித்தான் தாண்டிப் போவார்.