வீட்டிலிருந்து வரும் பணம்



வாலிபத்தில் மாதந்தோறும் பணம் கட்டி வீடு வாங்குகிறோம். வயோதிகத்தில் அதே வீடு நமக்குப் பணம் தரும் ஏற்பாடுகளும் இப்பொழுது உண்டு. மலேசியாவில் காகமாஸ் நிறுவனம் 2021-ல் இத்தகைய ஈட்டுக் கடனை ஆரம்பித்தது. வீட்டில் குடியிருந்துகொண்டே மாதப் பணம் பெறலாம். நம் காலத்துக்குப் பின் வீட்டை விற்றுக் கடன் தீர்க்கப்படும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2009 முதல் முதியோரின் வீட்டுக் குத்தகையில் கடைசி ஆண்டுகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. முன்னது கடன், பின்னது விற்பனை. கடனில் வட்டி கலந்திருக்கிறதா என்று ஆலிம்களிடம் விசாரித்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

நாம் இங்கே யோசிப்பது, வந்த பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதையே.

"என் வீடு, என் பணம், கேட்பவர் யார்?" என்பர் சிலர். விற்ற பணம் முழுவதையும் லாபமென்று எண்ணிச் செலவழித்தவன் கடை என்னவாகும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா? இந்தப் பணம் லாபமன்று, முதல். சிங்கப்பூரில் அப்பணம் முதலில் மத்திய சேமநிதியின் ஓய்வுக் கணக்கைச் சேர்ந்து, பிறகு மாதந்தோறும் வரும்படி வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே, உணவு, மருந்து, வீட்டுப் பழுது, மனைவியின் பராமரிப்பு, பழைய கடன் ஆகியவையே முதலில் நிற்க வேண்டும். ஊரை அழைத்து விருந்து வைப்பது வீண்விரயம். ஹஜ்ஜு செய்ய ஆசைப்படுவது நல்லதே. எனினும் குடியிருக்கும் வீட்டைக் கரைத்துப் போகும்படி மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடினமான கேள்வி இனிமேல்தான். மகன் வந்து, "வாப்பா, கடைக்கு முதல் போதவில்லை" என்று கேட்டால்? பெற்ற மனம் இளகத்தான் செய்யும். ஆனால் அந்த வீட்டில் மகளுக்கும் ஒரு நாள் பங்கு வரும். உயிரோடிருக்கும்வரை பொருள் நம்முடையதே, வாரிசுக்கு அதில் உரிமையில்லை என்பது மெய். எனினும் ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டுச் சாட்சி கேட்ட தந்தைக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளிடையே நீதியாக நடக்கவே ஏவினார்கள். மகனுக்கு இன்று ரகசியமாகக் கொடுப்பது, மகளின் நாளைய பங்கில் கை வைப்பதாகாதா?

உதவியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய அளவே கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அறியக் கொடுக்க வேண்டும். கடனாயின், திருக்குர்ஆன் கட்டளையிட்டபடி சாட்சி வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைக்கு முதல் வேறிடத்தில் கிடைக்கலாம். எழுபது வயதில் நமக்கு இன்னொரு வீடு கிடைக்காது.

முழுவதையும் கொடுத்துவிட்டு அதே மகனிடம் மருந்துக்குக் கையேந்தும் தகப்பன், மகனுக்கும் நன்மை செய்தவனல்லன். பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் வாழ்வதும் அவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்துத்தான்.

அல்லாஹ் நம் பொருளில் பரக்கத்தும், செலவில் நிதானமும் அருள்வானாக! ஆமீன்.