ஏடு சொல்லும் தீர்ப்பு

சீடன்: குருவே, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதானே வரலாறு? கன்பூசியஸ் வழியில் வந்தவர்கள் அதில் அறத்தை ஏன் கொண்டுவந்தார்கள்?

குரு: ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேள். கி.மு. 607. பண்டைச் சீனத்தின் ஜின் நாட்டை ஆண்டவன் லிங் என்ற கோமகன். மதில்களை அலங்கரிக்கக் குடிகளைக் கசக்கி வரி வாங்கினான். மேடைமேல் நின்று கீழே போகிறவர்கள்மீது உண்டைக்கல் எய்து, அவர்கள் சிதறி ஓடுவதை ரசித்தான். கரடிப் பாதம் சரியாக வேகவில்லை என்று சமையற்காரனைக் கொன்று, உடலைக் கூடையில் வைத்துப் பெண்களைத் தூக்கிப்போகச் செய்தான். தலைமை அமைச்சர் சாவ் துன் அதைப் பார்த்துவிட்டார். பிணத்தின் கை தெரிந்தது. பலமுறை இடித்துரைத்தார். அரசன் அவரையே கொல்லப் பார்த்தான். அமைச்சர் ஊரைவிட்டு ஓடினார். அவர் எல்லையைத் தாண்டுமுன் உறவினன் சாவ் சுவான் அரசனைக் கொன்றுவிட, அமைச்சர் திரும்பிவிட்டார். அரசவை வரலாற்றாளர் டோங் ஹூ என்ன எழுதினார், தெரியுமா?

சீடன்: சாவ் சுவான் கொன்றான் என்றுதானே?

குரு: இல்லை. சாவ் துன் தம் அரசனைக் கொன்றார் என்று எழுதி, அதை அவையில் எல்லோருக்கும் காட்டினார்.

சீடன்: கொலை நடந்த இடத்தில்கூட இல்லாதவர்மேல் கொலைப்பழியா? இது அநியாயம் அல்லவா?

குரு: சாவ் துன்னும் மறுத்துப் பார்த்தார். தலைமை அமைச்சர் நீங்கள், எல்லையைத் தாண்டவில்லை, திரும்பி வந்தும் கொலைகாரனைத் தண்டிக்கவில்லை என்றார் டோங் ஹூ. தண்டிப்பது இருக்கட்டும், புதிய அரசனை அழைத்துவரச் சாவ் துன் அனுப்பியதே அந்தச் சாவ் சுவானைத்தான். கன்பூசியஸ் டோங் ஹூவை நல்ல வரலாற்றாளர் என்றும், பழியை ஏற்ற சாவ் துன்னை நல்ல அமைச்சர் என்றும் பாராட்டியதாக, லூ நாட்டு ஆண்டேட்டுக்கு விளக்கமான ட்சுவோ உரை சொல்கிறது.

சீடன்: பதவி பெரிதானால் பொறுப்பும் பெரிது என்கிறீர்கள். ஆனால் இப்படி எழுதினால் பதவியில் இருப்பவன் சும்மா இருப்பானா?

குரு: இருக்கமாட்டான். கி.மு. 548-இல் சி நாட்டு அமைச்சன் சுயி சூ தன் அரசனைக் கொல்வித்தான். வரலாற்றாளர் அதை அப்படியே எழுதினார், அவரைக் கொன்றான். தம்பி எழுதினார், அவரையும் கொன்றான். அடுத்த தம்பிக்கும் அதே கதி. அதற்கடுத்த தம்பியும் அதையே எழுதியபோது விட்டுவிட்டான். எல்லோரும் மாண்டதாகக் கேள்விப்பட்டு, மூங்கில் ஏட்டோடு இன்னொரு வரலாற்றாளர் புறப்பட்டார். எழுதியாயிற்று என்று தெரிந்த பிறகே திரும்பினார்.

சீடன்: கேட்கவே உடல் சிலிர்க்கிறது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கி.மு. 632-இல் ஜின் கோமகன் வென், தனக்கு மேலான சோ மன்னரையே தன்னிடம் வரவழைத்தான். கன்பூசியஸ் தொகுத்ததாக மரபு சொல்லும் லூ நாட்டு ஆண்டேடோ, மன்னர் ஹெயாங்கில் வேட்டையாடினார் என்கிறது. மரியாதைக்காக உண்மையை மறைத்தால் அது அறமா?

குரு: மன்னரை அவருக்குக் கீழ்ப்பட்டவன் வரவழைப்பது பிறருக்கு முன்மாதிரி ஆகிவிடக்கூடாது என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைப்பு வலியவனுக்குத்தான் உதவும். ஆனால் வரவழைத்த செய்தி உனக்கு எப்படித் தெரிந்தது?

சீடன்: ட்சுவோ உரையில் படித்தேன்.

குரு: பார்த்தாயா? ஏடு மூடியதை உரை திறந்துவிட்டது. பின்னால் வந்த வரலாற்றாளர்கள் இன்னும் தெளிவாக வழி வகுத்தார்கள். சிமா சியென் நிகழ்ச்சிகளைச் சொல்லிவிட்டு, தம் கருத்தைத் தம் பதவிப்பெயரிட்டுத் தனியே வைத்தார். 1362 ஆண்டு வரலாற்றை 294 சுருள்களில் எழுதி கி.பி. 1084-இல் முடித்த சிமா குவாங்கும் தம் பெயர் சொல்லியே தீர்ப்புக் கூறினார். எது நடந்தது, எது ஆசிரியர் கருத்து என்று படிப்பவர் பிரித்தறியலாம், மறுக்கவும் செய்யலாம்.

சீடன்: அப்படியானால் சான்றுகளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமே? தீர்ப்பு எதற்கு?

குரு: கத்தி பிடித்தவன் பெயர் எப்படியும் ஏட்டில் ஏறிவிடும். அவனைத் தண்டிக்கும் அதிகாரம் இருந்தும் தண்டிக்காதவன், அந்தக் கொலையால் ஆதாயம் அடைந்தவன், இவர்கள் பெயரை யாராவது துணிந்து எழுதினால்தான் உண்டு. நீ வரலாறு எழுதினால் சான்றுகளை ஒன்றுவிடாமல் வை. பிறகு பொறுப்பு யாருடையது என்பதை உன் பெயரிலேயே எழுது.