இல்லாத கோச்சியின் வெள்ளைக் கறை

"எஞ்சின் நல்லாத்தான் இரிக்கி தம்பி. ஆனா பொய்லர்ல வெள்ளைக் கறையக் காணல்லியே."

அக்கரைப்பற்றுக் காக்கா இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அந்த வெள்ளைக் கறை அன்றிலிருந்து என் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

திருக்கோவிலில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு நீளப் பலகையைப் போட்டு மாதிரி ரயில்பாதை செய்து வருகிறார். எஞ்சின், லண்டனில் இருக்கும் அவருடைய பெரியம்மா மகன் அனுப்பிய பழசு. நிலையத்தை மட்டையில் வெட்டி ஒட்டியிருக்கிறார். பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் 'திருக்கோவில்' என்று எழுதியிருக்கிறார். லேத் பட்டறை வைத்திருக்கும் காக்காவும் நானும் பின்னேரங்களில் அங்கே போய்க் குந்துவோம். பேச்சு முழுக்கக் கோச்சிதான். கனடாக்காரன் கொடுத்த எம்2 எஞ்சினின் சத்தம் மேலா, பிறகு வந்தவையின் சத்தம் மேலா என்பதில் ஒரு பின்னேரம் போய்விடும்.

திருக்கோவிலுக்குக் கோச்சி வந்ததே இல்லை. 1920களின் கடைசியில் மட்டக்களப்பை எட்டிய தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாவற்றுக்கும் பஸ்தான். பாதையை நீட்டப் போகிறார்கள் என்ற கதை அவ்வப்போது எழும், மறுகா அடங்கிவிடும். ஆக, இல்லாத ஒரு பாதையில் இல்லாத ஒரு நிலையத்தில் நிற்கும் எஞ்சினில்தான் காக்கா கறையைத் தேடினார்.

கறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீராவி எஞ்சினின் கொதிகலனில் எங்கேயாவது ஒரு மூட்டு கசியும். கசிந்த வெந்நீர் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மட்டும் கறுப்புத் தகட்டில் வெள்ளைக் கோடாக இறங்கி நிற்கும். உள்ளேயும் இதே சுண்ணாம்பு ஏடு ஏடாகப் படியும். அதனால்தான் நீராவிக் காலத்தில் கொதிகலனைக் குறித்த தவணைக்குக் குளிரவிட்டுக் கழுவுவது பெரிய வேலையாக இருந்தது. மலைநாட்டு ஓடைத் தண்ணீரில் இந்தக் கரைச்சல் குறைவு. வறண்ட பக்கத்துக் கல்லுத் தண்ணீரில் கூட. எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து ஓடுகிறது என்பதை எஞ்சின் தன் வயிற்றிலேயே எழுதி வைத்திருக்கும்.

"காக்கா, நீங்க கண்ணால கண்டீங்களா?" என்று தம்பி கேட்டார்.

"நான் எங்க கண்ட? உண்ட ஊட்டுக் கேத்தலத் தூக்கிப் பாரு. தண்ணி சொல்லும்."

கேத்தலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து பார்த்தோம். அடியில் சாம்பல் வெள்ளையில் ஒரு செதில். மூக்கு உள்ளே தொடங்கும் இடத்தில் அது தடித்துச் சொரசொரத்திருந்தது. வெளியே, மூக்கின் கீழ்ப்பக்கம், கொதித்து வழிந்த தண்ணீர் காய்ந்து மெல்லிய ஒரு கோடு. மேலே அகலம், கீழே போகப்போக ஒடுங்கி, நுனியில் ஒரு சொட்டு நின்று காய்ந்த வட்டம். காக்கா அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தம்பி ஆக மெல்லிய புறஸை எடுத்து வெள்ளையில் தொட்டு, எஞ்சினின் வால்விலிருந்து ஒரு கோடு இழுத்து, காயுமுன் விரலால் ஒற்றி எடுத்தார். வழிந்து காய்ந்தது போலவே இருந்தது.

ஏன் இது என்னை விடமாட்டேன் என்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பலகையில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. அந்த விளையாட்டு ரயிலின் அளவில் உண்மையான ஓர் அடி 4 மில்லிமீட்டர். நம் நாட்டு அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். கணக்குப்படி தண்டவாளங்களுக்கு நடுவே 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பலகையில் இருப்பது சீமைக்காரன் கடையில் விற்கும் 16.5. இடைவெளி 5.5 மில்லிமீட்டர் குறைவு. சீமையில் அவர்களுடைய சொந்தப் பாதைக்கே இந்த 16.5 ஒடுக்கம்தான். 18.83 என்று திருத்தமாகப் போடுகிறவர்களுக்கும், நடுவழியாக 18.2 போதும் என்கிறவர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. எங்கள் மூவரில் ஒருவரும் அந்த 5.5-ஐப் பற்றி வாய் திறந்ததில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், பாதையே இல்லை என்பது. அதுவும் எங்களுக்கு உறுத்தவில்லை. கறை இல்லாதது மட்டும் உறுத்தியது. மலையளவு பொய்யை விழுங்குகிறவனுக்குக் கடுகளவு பொய் ஏன் தொண்டையில் நிற்கிறது?

சின்ன வயதில் நாங்கள் டின்மீன் பேணிகளைக் கயிற்றில் கோத்துக் கோச்சி ஓட்டுவோம். கடற்கரை மணல்தான் பாதை. மூத்த மச்சான் ஒருவருக்கு ஒரு பிடிவாதம். கடைசிப் பேணி கார்ட் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அதில் உயரமான பேணியைத்தான் கட்ட வேண்டும். அது கிடைக்காவிட்டால் அன்றைக்கு விளையாட்டே இல்லை. எஞ்சின் எது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது, பிஞ்சு போன செருப்பு எஞ்சினாக இருந்தாலும் ஓடும். கார்ட் பெட்டி மட்டும் சரியாக இருக்க வேண்டும். அப்போது எங்களில் ஒருவரும் கோச்சியைக் கிட்டத்தில் கண்டதில்லை.

நான் முதன்முதல் கண்டது மட்டக்களப்பு நிலையத்தில், அப்பாவோடு. போர்க் காலத்தில் கோச்சி மட்டக்களப்பு வரை வராத வருடங்கள் உண்டு. வந்துகொண்டிருந்த ஒரு காலத்தில்தான் போனோம். தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்த்து, ஏன் இவடத்தோடு முடியுது என்று கேட்டேன். "இதுக்கங்கால ஆக்கள் இரிக்கிறது அவங்களுக்குத் தெரியா மகன்" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ்ஸில் 70 கிலோமீட்டருக்கு மேல் கிறுகி வந்து ஊரில் இறங்கும்வரை அந்தப் பகிடி எனக்கு விளங்கவில்லை.

எப்போதோ படித்தது ஒன்று. தோமஸ் என்ற எஞ்சின் கதைகளை எழுதிய ஓட்ரி ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். சுகமில்லாமல் படுத்திருந்த மகனுக்குச் சொன்ன கதைகள் 1945இல் புத்தகமாக வந்தன. பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்: ஒரு படத்தில் இப்படி இருந்த நிலையம் அடுத்த படத்தில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? ஓட்ரி தட்டிக்கழிக்கவில்லை. ஐரிஷ் கடலில் சோடோர் என்று ஒரு தீவைக் கற்பித்து, அதற்கு வரைபடம், மலை, ஆறு, வரலாறு எல்லாம் தன் சகோதரரோடு சேர்ந்து ஒப்பேற்றினார். ஒரு சின்னப் பிழையைத் திருத்தப் போய் ஒரு தீவையே உண்டாக்க வேண்டி வந்தது.

எங்கள் பலகையிலும் அதுதான் நடந்தது. அடுத்த பின்னேரம் காக்கா அடுத்த கேள்வியைப் போட்டார்: "கறை இவ்வளவு கனமா இருந்தா, இந்தப் பாதை போட்டு எத்தின வருசம்?" நியாயமான கேள்வி. புதுப் பாதையில் புது எஞ்சினுக்குக் கறை வராது. கறை போட்டால் பாதைக்கு வயது சொல்ல வேண்டும், வயது சொன்னால் வரலாறு சொல்ல வேண்டும். தம்பி யோசித்து, பாதை 1930களில் போட்டது, பலகையில் இருப்பது 1955 என்றார். கனடா டீசல்கள் வரத் தொடங்கிவிட்டன, ஆனால் எங்கள் பக்கம் இன்னும் கரிக்கோச்சிதான். நல்ல வருடம்.

நல்ல வருடம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஏன் நல்ல வருடம் என்று உறைத்தது. அந்தப் பாதை உண்மையிலேயே இருந்திருந்தால் 1978 சூறாவளி அதை விட்டுவைத்திருக்காது. மிஞ்சியதற்கு 1990 யுத்தம் வந்திருக்கும். வடக்குப் பாதையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது போல இதுவும் போயிருக்கும். அதற்கும் தப்பியது என்றால் 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமி. கடலோரமாகப் போகும் பாதை அல்லவா? கறையளவு உண்மைக்கு இவ்வளவு மெனக்கெட்ட நாங்கள், அடுத்த உண்மைகள் வருமுன்னே 1955இல் கோச்சியை நிறுத்திவிட்டோம். எந்த உண்மைக்குக் கதவு திறப்பது, எதற்குச் சாத்துவது என்று யார் தீர்மானித்தது? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூவருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

அதே 2004 காலையில்தான் தெற்கே பெரலியவில் மாத்தறைக் கோச்சி கடலுக்குள் அகப்பட்டது. 1,000 பேருக்கு மேல் அதில் மாண்டார்கள். அதை இழுத்தது எம்2 வகை, இலக்கம் 591, பெயர் மனிற்றோபா. பிறகு அதைத் திருத்தி மறுபடியும் ஓடவிட்டார்கள். இதையெல்லாம் கோச்சிப் பித்தர்கள் எவரைக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார்கள், நானும் சொல்வேன். அந்தக் கோச்சியில் போன ஒருவருடைய பெயரைச் சொல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இயந்திரத்தின் இலக்கம் மனதில் ஒட்டுகிற மாதிரி மனிதர்களின் பெயர் ஏன் ஒட்டுவதில்லை? இலக்கம் அழாது என்பதாலா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் பெரியம்மாவுக்குப் புது வீடு கட்டும்போது, குசினி ராக்கையை ஒரு சாண் கீழே இறக்கச் சொல்லி மேசனோடு மல்லுக்கு நின்றார். "முழு வீடும் போயிட்டு, ராக்கையில என்ன பெரியம்மா இரிக்கி?" என்று மேசன் அலுத்துக்கொண்டார். "கை அவடத்ததான் மகன் போகுது" என்றார் பெரியம்மா. ராக்கை இறங்கியது. போன பெரிய பொருளைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லாதவர், கைக்கு எட்டுகிற ஒரு சாணைச் சரிசெய்துகொண்டார். அதில் பித்து ஒன்றும் இல்லை.

ஆனால் பெரியம்மாவின் கைக்குப் பழக்கம் இருந்தது. எங்கள் மூவரில் யாருடைய கையும் திருக்கோவில் நிலையத்தில் டிக்கெட் வாங்கியதில்லை. அவர் இழந்ததற்கு உண்மையாக இருந்தார். நாங்கள் தரப்படாததற்கு உண்மையாக இருக்கப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றா?

அமெரிக்காவில் ஜோன் அலன் என்று ஒருவர் இருந்தார். மாதிரி எஞ்சினில் புகையும் துருவும் தீட்டிப் பழசாக்கும் கலையில் முன்னோடி. மொன்டரே என்ற ஊரில் தன் வீட்டின் கீழ்த்தளம் நிறையக் கற்பனை ரயில் நாடொன்றைக் கட்டினார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் தீப்பிடித்து அதில் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்றைக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள். அவற்றைப் பார்த்து அந்தக் கற்பனை நாட்டைத் திரும்பச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத ஊரின் துருவைக்கூட ஒருவர் பிசகாமல் தீட்டிவிட்டால், இன்னொருவர் அதற்கு உண்மையாக இருக்கத் தொடங்கிவிடுகிறார்.

அயலவர் ஒருவர் ஒரு நாள் படலையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த நேரத்துக்குப் பாதை கேட்டு ஒரு பெட்டிசம் எழுதியிருக்கலாம்." அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கறையைத் தீட்டுகிற கை பெட்டிசம் எழுதுவதில்லை. பலகையில் கோச்சி ஓடினால் ரோட்டில் ஓடாத குறை ஆறிப்போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அல்லது பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு நாள் யாராவது பெட்டிசம் எழுதுவார்களோ, தெரியாது.

எந்தப் பக்கம் சாய்வது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை. சின்ன உண்மையைப் பிடித்துத் தொங்குவது பெரிய உண்மைக்கான படியா, அதைப் பார்க்காமல் இருக்க ஒரு திரையா? ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் இப்படி. காக்காவைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டார்.

ஒன்று மட்டும் செய்யலாம் என்று படுகிறது. நம் நாட்டில் நீராவி எஞ்சின்கள் 1960களின் முடிவோடு அன்றாட ஓட்டத்திலிருந்து ஒதுங்கிவிட்டன. மிஞ்சியவற்றில் சில கடுகண்ணாவ நூதனசாலையில் நிற்கின்றன. 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற உல்லாசப் பயணிகள் கோச்சியை இழுத்த 251ஆம் இலக்க 'சேர் தோமஸ் மெயிட்லண்ட்' போன்றவை மினுக்கிய மேனியோடுதான் நமக்குக் காட்டப்பட்டன. மினுக்கிய எஞ்சின் சாட்சி சொல்லாது. அந்தக் காலத்தில் 20 வயதில் எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட ஆள் இன்று 75 தாண்டியவர். மட்டக்களப்பிலோ ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், இந்த மாதமே போய் அவரோடு இருந்து பேசுங்கள். எஞ்சினைப் பற்றி மட்டும் கேளாதீர்கள், கூட வேலை செய்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.