பழைய முழங்கால் திரும்புமா?

காளவாசல் சந்திப்பில் பேருந்துக்காகக் காத்து நிற்கையில், முழங்காலில் பட்டை அணிந்து சாய்ந்து நடந்து வரும் இளைஞரை நாம் சில வேளைகளில் காண்கிறோம். கபடியில் விழுந்திருப்பார், அல்லது வண்டியிலிருந்து சரிந்திருப்பார். "ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தால் பழையபடி ஆகிவிடும்" என்பார் உடன் வரும் தாய். நகையை அடகு வைத்தேனும் அக்குடும்பம் வாங்க விழைவது அந்தப் 'பழையபடி' என்ற சொல்லைத்தான். அது கிட்டாதெனில், அதைத் தாயிடம் சொல்வது அன்பா, அன்பின்மையா?

முழங்காலின் உள்ளே இரு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. அவ்வடிவம் பற்றியே மருத்துவர் அவற்றுக்குச் சிலுவையின் பெயரைச் சூட்டினர். முன்புற நார் அறுந்தால், பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு நாரை எடுத்து அவ்விடத்தில் பொருத்துவர். தள்ளாடிய மூட்டு உறுதி பெறுகிறது. பலர் மீண்டும் களம் காண்கின்றனர். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்காலில் காயமுற்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார்.

ஆயினும் காலம் தன் கணக்கைக் கேட்கிறது. இந்நார் அறுந்த கால்பந்து வீராங்கனைகளைச் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 12 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர். எக்ஸ்ரே எடுக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூட்டுத் தேய்மானம் கண்டிருந்தது. அறுவை செய்துகொண்டோரும் அதற்குத் தப்பவில்லை. அந்நாட்டிலேயே 121 இளையோரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஒரு சாராருக்கு உடனே அறுவை செய்தனர். மறுசாராருக்குப் பயிற்சி அளித்து, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் செய்தனர். ஐந்தாண்டு முடிவில் இரு சாராரின் நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மறுசாராரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதுவரை அறுவையின்றியே இருந்தனர். 2013-இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் குணமடைதல் என்பது யாது? யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு ஆசி பெற்றார். நொண்டியபடியே விடியலை எதிர்கொண்டார். 1521-இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் காலொடிந்த இஞ்ஞாசியார், பழைய அழகு வேண்டித் துருத்திய எலும்பை அறுக்கச் செய்தார். அவ்வேதனையைத் தாங்கியும் நொண்டல் வாழ்நாளெல்லாம் நீங்கவில்லை. அந்தக் காலோடுதான் அவர் புதிய பாதையில் நடந்தார். அவர் தொடங்கிய சபையின் நொபிலி அடிகளார் 1606-இல் நம் மதுரைக்கு வந்தார். உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை.

ஆகவே உண்மையைச் சொல்வதே அன்பு என்று துணிகிறோம். அறுவை வீண் என்று சொல்வதும் பொய். எல்லாம் பழையபடி ஆகும் என்பதும் பொய். பொருத்திய நார் வேரூன்ற மாதக்கணக்காகும். ஒன்பது மாதம் நிறையுமுன் களத்தில் இறங்குவோர்க்கு மீண்டும் காயம்படும் ஆபத்து மிகுதி. போட்டி வருகிறதென்று அவ்விளைஞரை அவசரப்படுத்தும் நண்பர்களும், பரிசுக் கோப்பைக்காகப் பங்கில் அணி திரட்டும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய முப்பதாம் நாற்பதாம் வயதுகளும் நம் பொறுப்பில் அடங்கியவை.

அந்தத் தாயிடம் நாம் சொல்லத்தக்கது இதுவே: "அம்மா, மகன் நடப்பான், ஓடவும் கூடும். பொறுமையாய்ப் பயிற்சி செய்யட்டும். கால் பழையதாகாவிட்டாலும், அவன் வாழ்வு குறைந்துவிடாது."