விண்ணேறாத வீரர்

ஒரு செயலின் பெருமை அதனை முடித்தவருக்கு மட்டுமே உரியதா? அதற்கெனத் தம்மை முழுவதும் ஆயத்தம் செய்துகொண்டு, வாய்ப்பு வாராமையால் ஒதுங்கி நின்றவருக்கு அதில் பங்கில்லையா? மனிதனின் விண்வெளிப் பயண வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் ராகேஷ் சர்மா விண்ணேறினார். சல்யூத்-7 நிலையத்திலிருந்து அவர் பிரதமர் இந்திரா காந்தியுடன் உரையாடியதைக் கேட்டு நாடே பூரித்தது. அவருடன் சோவியத் நாட்டில் அதே பயிற்சியைப் பெற்ற மற்றொருவர் ரவீஷ் மல்ஹோத்ரா. ஒருவருக்கு இடையூறு நேரின் மற்றவர் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. இடையூறு நேரவில்லை, மல்ஹோத்ரா மண்ணிலேயே நின்றார். அரசு சர்மாவுக்கு அசோக சக்கரமும், மல்ஹோத்ராவுக்குக் கீர்த்தி சக்கரமும் வழங்கியது. அரசு நினைத்தது, நாம் நினைத்தோமா? 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோதும், பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் மாற்று வீரராக ஆயத்தமாய் நின்றார்.

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்தபோது, மைக்கேல் காலின்ஸ் தாய்க்கலத்தில் தனித்து நிலவை வலம்வந்தார். அவர் காத்திராவிடில் அவ்விருவரும் வீடு திரும்ப வழியேது?

நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையும் இவ்வரிசையில் சேரத்தக்கதே. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அதனைப் பொடித்து ஆக்கிய மண்ணில்தான் சந்திரயான்-2 திட்டத்துக்கான சோதனைகள் நிகழ்ந்தன. 2019-இல் தரையிறங்கும் முயற்சி கைகூடவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துப் பிள்ளையான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. தோல்வியும் அவ்வெற்றிக்கு ஒரு படியே அன்றோ?

திருவிழாவில் தேரின்மேல் வீற்றிருக்கும் தெய்வத்தை எல்லோரும் காண்கின்றனர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவரை எவரும் காண்பதில்லை. எனினும் தேர் நேராகச் செல்வது அவர் கைத்திறத்தால் அன்றோ?

“பயன் கருதாது கடமை செய்க” என்னும் அறிவுரையில் ஓர் இடர் உண்டு. பயனைப் பெற்றவர் பெறாதவரை நோக்கி அதனைச் சொல்லும்போது, அறமாகத் தோன்றுவது வசதியாகிவிடுகின்றது. ஆகவே இவ்வறத்துக்கு இரு முகங்கள் வேண்டும். புகழை எதிர்பாராமை காத்து நின்றவருக்கு அழகு. அவரை மறவாமை சென்றவருக்கும் கண்டு மகிழ்ந்தவருக்கும் கடன். முன்னது பெருந்தன்மை, பின்னது நீதி. நீதி இல்லாத இடத்தில் பெருந்தன்மையைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

தலைநகரில் வாழும் நம் பிள்ளைகள் ஓர் இடத்துக்குப் பல்லாயிரவர் போட்டியிடும் தேர்வுகளை எழுதுகின்றனர். இடம் கிட்டாத பிள்ளை இரவெல்லாம் விழித்துப் படித்த படிப்பு வீணாயிற்று என்று நாம் சொல்லுவோமானால், மல்ஹோத்ராவின் பயிற்சியையும் வீணென்றே சொன்னவராவோம். கற்றது அவனிடமே இருக்கின்றது. அதனை மதித்து ஒரு சொல் சொல்லுதல் நம் கையில் இருக்கின்றது.