சுவிட்சை அணைப்பது யார்?

தனக்கென்று ஒருவர் செய்துகொள்ளும் கருவியில் ஒரு பாகம் கண்ணுக்குத் தெரியாது. அது செய்தவரேதான். எங்கே சுடும், எப்போது கசியும், எவ்வளவு நேரத்தில் அணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையிலும் மூக்கிலும் இருக்கும். கருவியை அட்டைப்பெட்டியில் போட்டு, விலை ஒட்டி, கடைக்கு அனுப்பும்போது அந்தப் பாகம் மட்டும் பெட்டிக்குள் ஏறாது. புகைக்குப் பதிலாக ஆவியை இழுக்கும் 'வேப்பரைசர்' கருவிகளின் கதையைப் படித்தபோது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது இதுதான்.

இந்தக் கதையில் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தத் தேவைக்காகத் தொடங்கியவர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் சிகரெட் பிடிப்பவர். இலையையும் காகிதத்தையும் எரிப்பதில்தானே கெடுதல், எரிக்காமல் இழுத்தால் என்ன என்று யோசித்தார். மின்கலத்தால் சூடாகி, ஈரமான, மணமூட்டிய காற்றைத் தரும் ஒரு குழாயை வடிவமைத்து 1963இல் விண்ணப்பித்தார். 1965இல் காப்புரிமை கிடைத்தது. அதில் புகையிலையும் இல்லை, நிகோடினும் இல்லை. மாதிரிகளைச் செய்து கம்பெனிகளிடம் காட்டினார். யாரும் தயாரிக்க முன்வரவில்லை. காரணம் பல சொல்வார்கள். என் ஊகம் எளிமையானது: வாங்கியவரை மறுபடியும் கடைக்கு இழுத்துவரும் சரக்கு அதில் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து சீனாவின் ஷென்யாங் நகரத்தில் ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் அந்தச் சரக்கைச் சேர்த்தார். அவரும் புகைப்பவர். அப்பாவும் அப்படித்தான், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையை ஹோன் லிக் முயன்று பார்த்தார். சிகரெட்டை இழுத்தவுடன் தலைக்கு ஏறும் அந்த வேகம் பட்டையில் இல்லை. நிகோடின் கரைசலை மீயொலி அதிர்வால் மூடுபனிபோல் ஆக்கும் கருவியை 2003இல் உருவாக்கினார்; அடுத்த ஆண்டு சீனச் சந்தைக்கு வந்தது. 2013இல் அந்த உரிமைகளை இம்பீரியல் டொபாக்கோ 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. சிகரெட்டிலிருந்து தப்பிக்கச் செய்த பொருளை சிகரெட் கம்பெனியே வாங்கியது ஒரு வேடிக்கை. அதற்குப் பிறகும் ஹோன் லிக் சிகரெட்டை முழுக்க விடவில்லை என்று பேட்டிகளில் தாமே சொன்னது இன்னொரு வேடிக்கை. அவரை நான் குறை சொல்லவில்லை. தன் பலவீனம் தெரிந்த மனிதர் தனக்கென்று ஒரு ஊன்றுகோல் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் தயாரிப்பு வடிவமைப்பு படித்தவர்கள், புகைப்பவர்கள். தாங்கள் விட நினைத்த பழக்கத்துக்கு மாற்றுத் தேடி, 2005இல் அதையே ஆய்வுப் பொருளாக எடுத்து வகுப்பில் விளக்கினார்கள். பிறகு கம்பெனி தொடங்கினார்கள். 2015இல் 'ஜூல்' என்ற மின்சிகரெட் வந்தது. பார்ப்பதற்குப் பென்டிரைவ் மாதிரி இருக்கும்.

அதன் சூட்சுமம் வடிவத்தில் இல்லை, ரசாயனத்தில் இருந்தது. சாதாரண நிகோடின் கரைசலை அடர்த்தியாக்கினால் தொண்டை கமறும். இழுப்பவர் தானாகவே நிறுத்திவிடுவார். இவர்கள் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோடினை உப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கமறல் அடங்கியது. மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடின் மெத்தென்று உள்ளே இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவே 20 மில்லிகிராம்தான்.

இருபது வருடம் புகைத்தவருக்குக் கமறல் ஒரு தொல்லை. அதை நீக்கினால் அவர் சிகரெட்டிலிருந்து இதற்கு மாறுவார். செய்தவர்களும் அப்படித்தானே, தங்கள் தொண்டையை வைத்துத்தானே சோதித்தார்கள்! ஆனால் சிகரெட்டையே தொடாத பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கமறல்தான் காவல். முதல் இழுப்பில் இருமி, கண்ணில் நீர் வந்து, 'சீ, வேண்டாம்' என்று தூக்கி எறிய வைப்பது அதுதான். மாம்பழச் சுவையோடு அந்தக் காவலையும் எடுத்துவிட்டு ஊர் முழுக்க விற்றால் என்ன ஆகும்? 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், கடந்த முப்பது நாளில் ஏதாவது ஒரு மின்சிகரெட்டைப் பயன்படுத்தியதாகக் கணக்கெடுப்பில் சொன்னார்கள். அதற்குள், 2018 டிசம்பரில், மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா குழுமம் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. 2022இல், சிறுவர்களைக் குறிவைத்து விற்றதாக எழுந்த புகாரின் மீதான விசாரணையை முடித்துக்கொள்ள முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர் தர ஜூல் ஒப்புக்கொண்டது.

அந்த இருவரும் தொடக்கத்திலேயே பிள்ளைகளைக் கெடுக்கத் திட்டம் போட்டார்கள் என்று நான் நம்பவில்லை. 'நான் பயன்படுத்துகிறேனே, எனக்கு நல்லதாக இருக்கிறதே' என்ற நினைப்பு எவ்வளவு பெரிய விஷயத்தையும் மறைத்துவிடும் என்று மட்டும் நினைக்கிறேன். நமக்கு ஒத்துக்கொண்டதைப் பிறருக்குக் கொடுப்பது அன்பு என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். வீட்டில் அது அன்புதான். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு அதையே விற்கும்போதும் அதை அன்பு என்று சொல்லிக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

அதே 2019இல் நடந்த இன்னொன்று இதைவிடக் கொடியது. அமெரிக்காவில் ஆவிக் கருவியில் பொருத்துவதற்கான, கஞ்சாச் சாறு நிரப்பிய குப்பிகளைப் பலர் வீடுகளிலும் கொட்டகைகளிலும் தயாரித்துத் திருட்டுத்தனமாக விற்றார்கள். சாறு கெட்டியாகத் தெரிய வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்று வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெயைக் கலந்தார்கள். விழுங்கும் மாத்திரையிலும் பூசும் களிம்பிலும் சாதாரணமாக இருக்கும் பொருள்தான் அது. வயிற்றுக்கும் தோலுக்கும் கெடுதல் செய்யாதது. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுத்தபோது கதை வேறானது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவோ இறந்ததாகவோ கணக்கு வந்தது; அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பெரும்பாலும் அந்த எண்ணெய் இருந்தது. நுரையீரலுக்கு நாக்கு கிடையாது. சுவை பார்த்துத் துப்ப அதற்குத் தெரியாது.

என் மனைவியின் அண்ணன் கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைவது தொழில். மகளுக்குச் சளி கட்டினால் மூச்சு இளைக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு கொதிக்கும் சட்டியின் மேல் குழந்தையைக் குனிய வைக்க அவருக்குப் பயம். பிள்ளைகள் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அதனால் ஸ்டீல் பாத்திரம், ஹீட்டர் காயில், நீண்ட குழாய், முனையில் ஒரு மூடி என்று தாமே ஒன்று செய்தார். ஆவி குழாய் வழியே வந்து சேர்வதற்குள் சூடு தணிந்து இதமாக இருக்கும். கொரோனா வந்ததும் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. 2021 மே மாதம் பொது இடங்களில் பிரஷர் குக்கரை வைத்து ஊருக்கே ஆவி பிடிக்க வைத்தார்கள். வேண்டாம், தொற்று பரவும் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் எச்சரிக்க வேண்டியிருந்த காலம் அது. 'இதைப் போட்டு விற்றால் பட்டறைக் கடன் அடைந்துவிடுமே' என்று நானும்தான் சொன்னேன்.

"மாப்ள, சுடுதுன்னா எம்புள்ள கத்தும். நான் ஓடிப்போய் சுச்சை அமத்திருவனுங்க. ஊரான் ஊட்ல நான் எங்கீங்க இருக்கப் போறேன்?" என்றார்.

அப்போது அது எனக்குச் சாக்கு மாதிரிப் பட்டது. இப்போதும் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லோரும் இப்படியே நினைத்திருந்தால் அதே குழந்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளும் நெபுலைசர் எங்கிருந்து வந்திருக்கும்? அதையும் யாரோ ஒருவர் தன் மேஜையில் வைத்துத்தான் முதலில் செய்திருப்பார். விற்காமல் இருப்பது பாதுகாப்பு. ஆனால் அது பதில் ஆகாது.

பதில் என்று நான் நினைப்பது லண்டனில், 1847இல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவை சிகிச்சை நடக்கச் செய்தார். கருவியைக் கடைசி நேரம் வரை சரிசெய்துகொண்டிருந்ததால் அரங்கத்துக்கே தாமதமாகத்தான் வந்தார். கண்ணாடிக் குடுவை, உள்ளே ஈதரில் நனைத்த கடற்பஞ்சு. உலகத்துக்கே பெரும் உபகாரம். ஆனால் அது ஈதர் என்று தெரியக்கூடாது என்பதற்காக நிறமும் மணமும் சேர்த்து, 'லீத்தியான்' என்று பெயர் சூட்டிக் காப்புரிமை வாங்கினார். என்னவென்று சொல்லாவிட்டால் பயன்படுத்தமாட்டோம் என்று மருத்துவர்கள் மறுத்த பிறகே உடைத்துச் சொன்னார். காப்புரிமையால் அவருக்குக் காசு வரவில்லை. மிச்ச வாழ்நாள் வழக்கிலும் மனுவிலும் போயிற்று.

லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ (பின்னால் குடிநீர்க் குழாயிலிருந்து காலரா பரவியதைக் கண்டறிந்த அதே ஸ்னோதான்) அந்தக் குடுவையின் குறையைப் பார்த்தார். ஈதர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் மீதி ஈதர் குளிரும், குளிரக் குளிர ஆவி குறையும், நோயாளி பாதியில் விழித்துக்கொள்வார். வெக்கையான அறையிலோ அளவு மிஞ்சும். கைப்பழக்கம் உள்ளவர் சமாளிப்பார்; புதியவர் திண்டாடுவார். எந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு ஈதர் ஆவியைத் தாங்கும் என்று ஸ்னோ அளந்து அட்டவணை போட்டார். ஈதர்ப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து வெப்பம் மாறாமல் பார்த்துக்கொண்டார். கருவியின் படத்தோடு எல்லாவற்றையும் அதே ஆண்டு நூலாக வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை.

அந்தத் தண்ணீர்த் தொட்டியை நான் பெரிதாக நினைக்கிறேன். தன் கைப்பழக்கத்தில் இருந்ததை ஸ்னோ அதன் வழியே கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார். அவர் அறையில் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். ஜூலில் நடந்தது இதற்கு நேர் எதிர். உடம்பு தானாகவே போட்டுவைத்திருந்த தடையைக் கருவி கழற்றியது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு அரசே ஆவிக் கருவியைக் கொடுக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. சிகரெட்டைவிட அதில் கெடுதல் குறைவு என்பது அங்குள்ள மருத்துவர்களின் நிலை. அதே பிரிட்டன் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூனில் தடை செய்தது. நம் நாட்டில் 2019 முதல் மின்சிகரெட்டை விற்பதும் தயாரிப்பதும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பீடிக்கட்டு பெட்டிக்கடையில் வழக்கம்போல் கிடைக்கிறது. இதில் நியாயம் பாதிதான் இருக்கிறது. ஆனாலும் அளவு சொல்லாத, யார் கையில் போகும் என்று யோசிக்காத பொருளைத் தடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

வீட்டுக்காக எதையோ செய்துவிட்டு விற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவி பிடிக்கும் பாத்திரமோ, மூட்டுவலி எண்ணெயோ, எதுவாகவும் இருக்கட்டும். யார் பயன்படுத்தக் கூடாது, எவ்வளவுக்கு மேல் ஆபத்து, கை மறந்தால் தானே எப்படி நிற்கும் என்ற மூன்றையும் விலை போடுவதற்கு முன்னால் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.