செருப்பும் தலைப்பாகையும்

அய்யா துணை



அதிகாரம் என்பது இரவல் நகை போன்றது. போட்டிருக்கும் வரை அழகு. உடையவர் கேட்டால் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். இரவல் என்பதை மறந்து தன்னுடையது என்று நினைக்கும் நினைப்புக்குத்தான் அகந்தை என்று பெயர். இதை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். புதுச்சேரி என்ற ஒரே ஊர் போதும்.

1742-இல் இங்கே கவர்னராக வந்த டூப்ளே, நவாபுகளை ஏற்றவும் இறக்கவும் துணிந்தவர். தாமும் நவாப் பட்டம் சூடிக்கொண்டார். 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். அவரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்தத் தர்பாரின் ஆரவாரமெல்லாம் பதிவாகியிருக்கிறது. 1754-இல் பிரான்சு அவரைத் திரும்ப அழைத்தது. அவ்வளவுதான், கப்பலேறினார். கைவிட்டுச் செலவழித்த பணத்தைக் கேட்டு அலைந்து, 1763-இல் வறுமையில் கண்மூடினார்.

பின்னால் படைத்தலைவராக வந்த லாலி, 1761 ஜனவரியில் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலிக்கு அவருடைய சொந்த நாடே 1766-இல் மரண தண்டனை விதித்துத் தலையை வெட்டியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. தீர்ப்பை ரத்து செய்யலாம். வெட்டிய தலையை ஒட்ட வைக்க முடியுமா?

ஆளுகிறவர் நிலை இதுவென்றால், ஆளப்படுகிற எளியவருக்கு எது துணை? சட்டம் துணை என்பார்கள். உண்மைதான். ஆனால் சட்டம் எதுவரை துணை வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது பிரெஞ்சுக் குடியரசின் முழக்கம். அந்தக் குடியரசின் புதுச்சேரி நீதிமன்றத்தில், 1873-இல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்குரைஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நுழைந்தார். அது நீதிமன்றத்துக்கு அவமரியாதை என்று தடுக்கப்பட்டது. வெள்ளையர் காலில் இருந்தால் மரியாதை, தமிழர் காலில் இருந்தால் அவமரியாதை! அவர் விடவில்லை. வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார்.

1881 செப்டம்பரில் இன்னொரு ஆணை வந்தது. சாதி வழக்கங்களைக் கொண்ட தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்புவோர் அப்படியே வரலாம் என்றது அது. பொன்னுத்தம்பி முன்னின்று துறந்தார். லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாசற்கதவு என்று பொருள். எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டது என்று நம்பியவர்கள் பலர். ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தவர் ஒரு பட்டியல், துறவாதவர் ஒரு பட்டியல். கதவைச் சட்டம் திறந்தது. உள்ளே இருந்தவர்களின் அகந்தை புதிதாகச் சுவர் எழுப்பியது.

தென்திருவிதாங்கூரிலும் இதே கதைதான். எளிய மக்கள் செருப்பு அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1859-இல்தான் அரசர் இறங்கி வந்தார். அப்போதும், தோளை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்றே ஆணை சொன்னது. சட்டம் கொடுத்ததில் பாதியை அகந்தை பிடித்து வைத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஆணைக்குப் பல ஆண்டு முன்பே அய்யா தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார். எந்த அரசர் கையெழுத்துக்கும் அவர் காத்திருக்கவில்லை. சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தபோதும் மன்னருக்கு எதிராகப் படை திரட்டவில்லை. இங்கேதான் உண்மை விளங்குகிறது. பொன்னுத்தம்பியும் தீர்ப்பு வாங்கிய பிறகு செருப்பு அணியவில்லை. அணிந்து நுழைந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. மனிதன் முதலில் நிமிர்கிறான். சட்டம் பின்னால் நடந்து வருகிறது. மானத்தைச் சட்டம் காக்கலாம், உண்டாக்க முடியாது.

அதற்காகச் சட்டத்தை இகழ வேண்டாம். 1761-இல் இந்த ஊர் கைமாறியபோது கட்டடங்கள் விழுந்தன. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் சம்மதம் சொன்னார்கள். 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. பீரங்கி செய்த வேலையை வாக்குச் சீட்டு செய்தது. மறுத்த எட்டுப் பேரின் வாக்கும் எண்ணப்பட்டது என்பதில்தான் சட்டத்தின் பெருமை இருக்கிறது.

அன்பர்களே, டூப்ளேயைக் குறை சொல்வது எளிது. நம் மனத்தைப் பார்ப்பது கடினம். கீழே தள்ளப்பட்டவன் மேலே வந்ததும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான். திருவிழா நோட்டீஸில் என் பெயர் எத்தனையாவது வரியில் என்று பார்க்கிறவனும், கொடியேற்றும்போது முன்னால் நிற்க முட்டுகிறவனும், தாங்கலின் சாவிக்கொத்தைச் செங்கோலாக நினைக்கிறவனும் 1884-இன் பட்டியலைத்தான் திரும்பவும் எழுதுகிறார்கள். தலைப்பாகை நிமிர்வதற்கு அடையாளம். அடுத்தவன் தலை குனிய வேண்டும் என்று கட்டினால் அது மகுடமாகிவிடும். மகுடங்களின் கதி என்ன என்று மேலே பார்த்தோம்.

பள்ளியறையில் அய்யா கண்ணாடி வைத்தது வீணுக்கல்ல. தலைப்பாகை கட்டி அதன் முன் நிற்கும்போது, அதில் தலைவர் தெரிகிறாரா, செயலாளர் தெரிகிறாரா, அல்லது எல்லார் உள்ளத்திலும் இருக்கும் அய்யா தெரிகிறாரா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். தர்மச் சோறு பரிமாறும் பந்தியில் முதல் இலை, கடைசி இலை என்ற பேதம் இல்லை. பதவியில் இருக்கும்போதே அந்தப் பந்தியில் வாளி தூக்கப் பழகியவனுக்கு, பதவி போகும் நாளில் இழக்க ஒன்றும் இல்லை. இரவல் நகையை அவன் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பான்.

அய்யா உண்டு.